அம்மா எல்லோருக்கும் ஒத்துப்போன காலம்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது ஒரே ஒரு வார்த்தை மட்டும் போகாமல் நின்றுவிட்டது. ‘அதான்.’

சாப்பிட்டாயா என்று கேட்டால் அதான். சாப்பிடவில்லையா என்றாலும் அதான். இதைவிட மோசமான வார்த்தை ஒன்று மிஞ்சியிருக்க முடியாது. ‘ஐயோ’ மிஞ்சியிருந்தால் யாராவது பதறியிருப்பார்கள். ‘தண்ணி’ மிஞ்சியிருந்தால் தண்ணீராவது கிடைத்திருக்கும். ‘அதான்’ என்று சொல்கிறவளைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. தான் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொண்டார் என்கிற நிம்மதியுடன் எழுந்து போய்விடுகிறார்கள்.

என் பெற்றோர் மருங்காபுரிப் பக்கம் மானாவாரி நிலத்தில் கடலையும் சோளமும் போடுகிறவர்கள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் முதலில் போனது நான். காலேஜுக்குப் போனதும் நான்தான், பி.காம். முதல் வகுப்பில் தேறியதும் நான்தான். எனக்கு அடுத்து இன்னும் யாரும் தேறவில்லை என்பதால் இப்போதைக்கு அந்தப் பெருமையைப் பங்குபோட ஆளில்லை. திருச்சி ஜங்ஷன் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன்.

அம்மா காலையில் களை எடுக்கப் போன இடத்தில் சாய்ந்துவிட்டாள். மணப்பாறையில் காட்டி, அங்கிருந்து திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விழுந்திருந்தன. சில வாரங்களில் கால் கொஞ்சம் இழுத்தபடி நடக்க வந்தது. கை பாதி வந்தது. வார்த்தை மட்டும் ஒன்றோடு நின்றது.

வார்டில் அப்பா செய்த முதல் காரியம், எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் “எம்பொண்ணு பி.காமுங்க” என்று சொன்னது. நர்சிடம் சொன்னார், பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார், தரை துடைக்க வந்தவரிடம் இரண்டு தரம் சொன்னார். உண்மைதான் என்பதால் நான் தடுக்கவில்லை.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற அன்று நான் இங்கிலீஷில் நான்கு வாக்கியங்கள் தயார் செய்து, காரிடாரில் நடந்து நடந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் வந்தார். முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன்.

“தமிழ்லயே சொல்லும்மா” என்றார்.

மீதி மூன்று வாக்கியங்களும் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

அவர் அம்மா பக்கம் குனிந்தார். “வலி ஏதும் இருக்காம்மா?”

“அதான்.”

“ராத்திரி தூக்கம் வருதா?”

“அதான்.”

“பேச்சு வந்துருச்சே. நல்ல முன்னேற்றம்” என்று பின்னால் நின்ற சின்ன டாக்டர்களிடம் சொல்லிவிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கும்பிட்டார்.

அவர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பும்போது நான் குறுக்கே நின்றேன். வேண்டுமென்று நிற்கவில்லை. இடம் அவ்வளவுதான் இருந்தது.

“சார், அம்மாவுக்குப் பேச்சு வரலைங்க.”

“இப்பதானேம்மா பேசினாங்க?”

“அதையே மாத்திக் கேட்டுப் பாருங்க சார்.”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். “வலி இல்லையேம்மா?”

“அதான்.”

“தூக்கமே வரலையா?”

“அதான்.”

“நீங்கதான் இங்க டாக்டரா?”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, “அதான்” என்றாள். ஒரு சின்ன டாக்டருக்கு இருமல் வந்தது.

பெரிய டாக்டர் நிமிர்ந்து, பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கும் சேர்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என்னிடம் வந்து, “எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை பேசிக் குடும்மா” என்றார்.

“நீங்களே பேசலாம்க்கா. ‘ரொம்ப முடியல’ன்னு மட்டும் சொல்லாதீங்க. எல்லாக் கட்டில்லயும் அதைத்தான் சொல்றாங்க. நேத்து டம்ளரைப் பிடிச்சார், இன்னைக்குப் பிடிக்கலைன்னு சொல்லுங்க. டம்ளரையும் கையில வச்சுக்குங்க.”

மறுநாள் அவர் டம்ளரோடு நின்றார். டாக்டர் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வார்டில் ரவுண்ட்ஸ் நேரத்தில் பலர் கையில் ஏதாவது ஒரு பொருள் இருந்தது.

பேச்சுப் பயிற்சி தருகிறவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பெண். அப்பா அவருக்கு ‘பேச்சு டீச்சர்’ என்று பேர் வைத்துவிட்டார். முதல் நாள் டீச்சர் எங்களிடம் சொன்னார்: “இந்த முதல் சில மாசத்துல வர்ற வார்த்தைதான் கொஞ்சம் சுலபமா வரும். போகப் போகக் கஷ்டம். நடுவுல விட்டுடாதீங்க. எனக்கு வாரத்துல ரெண்டு நாள்தான் இங்க. இடம் கொஞ்சந்தான்.” செவ்வாய்க்கிழமை காலை அம்மாவுக்கு என்று ஓர் இடம் ஒதுக்கினார்.

அம்மாவையும் அப்பாவையும் ஸ்ரீரங்கத்துக்கே என்னோடு கூட்டிவந்துவிட்டேன். பகலெல்லாம் நான் ஆபீசில். அப்பாதான் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறு பிசைந்து கொடுத்து, கூடவே உட்கார்ந்திருப்பார். வாய் ஓயாமல் அவளிடம் பேசிக்கொண்டும் இருப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து பேசியதைவிட அந்த மாதங்களில் அதிகம் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். பதிலும் சாதகமாகவே வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கார மாமிக்கும் அம்மாவை ரொம்பப் பிடித்துப்போனது. மத்தியானம் கோயிலிலிருந்து வந்ததும் பின்கட்டுக்கு வந்து தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்.

“ஆத்துல ஒரு பெரியவா இருக்காளேங்கற நெனப்பே கெடயாது அவளுக்கு.”

“அதான்.”

“நான் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதாம்.”

“அதான்.”

மாமி என்னிடம், “உங்கம்மாவுக்கு என்ன ஞானம்டீ! என் மனசை அப்படியே புரிஞ்சுக்கறா. பெருமாள் கைவிட மாட்டார்” என்பார். அம்மாவின் கண்ணைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரித் தெரியும். எங்கள் ஊரில் அம்மாவின் வாய்க்குப் பயந்து கடலை வியாபாரி எடைக்கல்லைச் சரியானதாக மாற்றி வைப்பான். யாருக்கும் சுலபத்தில் ஒத்துப்போகாதவள். இப்போது உள்ளே என்னவோ சொல்லி, வெளியே அது ‘அதான்’ என்று ஒத்துக்கொண்டு வந்து விழுவதை அவளே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வாரம் அம்மா டீச்சரோடு சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். தனியாகக் கேட்டால் வரவில்லை. கூடச் சேர்ந்து ஆரம்பித்தால் வந்தது. அப்பா அன்று போனில் என்னிடம் அதை மூன்று தரம் எண்ணிக் காட்டினார். நான் ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய் காலை அப்பா மறுபடி கூப்பிட்டார்.

“பாப்பா, இங்க வேற ஆளை உள்ள கூப்பிட்டுட்டாங்க.”

“ஏன்ப்பா?”

“நாம வரலைன்னு.”

“நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“இங்கதான். டீச்சர் ரூம் வாசல்ல. அம்மாவும் இருக்கா.”

“அப்புறம் எப்படி வரலைங்கறாங்க?”

“போன வாரம் நான்தான் சொன்னேன், வரலைன்னு.”

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்லவேண்டும். மூன்று இடங்களில் மட்டும் சொல்லக்கூடாது. இழவு வீடு, போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி. அங்கே ‘வரேன்’ என்று சொன்னால் திரும்ப வரவேண்டியதாகிவிடும். மற்றவர்கள் சும்மா எழுந்து போய்விடுவார்கள். அப்பா எதிலும் ஒரு படி கூடுதலாகச் செய்கிறவர். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது கும்பிட்டு, “இனிமே வரலைங்க” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வருவார். அது அவர் சாமியிடம் சொல்வது. பக்கத்தில் நிற்கிற டாக்டர் காதிலும் விழும், அவ்வளவுதான்.

“அங்கயே இருங்க. நான் வரேன்” என்றேன்.

“சொல்லாத பாப்பா அப்படி” என்றார்.

“நான் ஆபீஸ்லேருந்து சொல்றேன்ப்பா.”

“அப்ப சரி.”

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா பெஞ்சில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எந்த இடத்திலும் அவர் உட்காருவதில்லை. பெஞ்சின் மறுகோடியில் ஓர் அம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய வீட்டுக்காரர். அம்மாவின் செவ்வாய்க்கிழமை இப்போது அவருடையது.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் ஒரே ஒரு பேச்சைத்தான் தயார் செய்தேன். அது எங்கள் இடம், கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்பது. தமிழில்தான் செய்தேன், இந்தத் தடவை வீணாகாமல் இருக்கட்டும் என்று. அந்த அம்மாளைப் பார்த்ததும் அந்தப் பேச்சை இந்த இடத்தில் பேச முடியாது என்று தெரிந்தது. அவர் நகர்ந்து எனக்கு இடம் வேறு விட்டார்.

டீச்சர் வெளியே வந்தார். “நீங்களா? அப்பா வரலைன்னு சொன்னாரே.”

“சின்ன குழப்பம் மேடம்.”

“குழப்பமே இல்லையே. போன வாரம்தான் முதல் தடவையா, அடுத்த வாரம் வரீங்களான்னு கேட்டேன். இனிமே வரலைன்னு கும்பிட்டுச் சொன்னார். பாதிப் பேரு சொல்லாமலேயே நின்னுடுவாங்க. இவர் ஒருத்தராவது முறையா சொல்லிட்டுப் போறாரேன்னு நினைச்சேன்.”

“வரலைன்னுதாம்மா சொன்னேன்” என்றார் அப்பா. “வரமாட்டேன்னா சொன்னேன்?”

“ரெண்டும் ஒன்னுதானேங்கய்யா?”

“எப்படிம்மா ஒன்னாகும்?” அப்பாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். டீச்சருக்கும் அந்த வழக்கம் தெரிந்திருந்தது. அவர் வீட்டிலும் ஆஸ்பத்திரியில் ‘வரேன்’ சொல்லமாட்டார்களாம். ஆனால் கேட்ட கேள்விக்கே இப்படி ஒருவர் பதில் சொல்லி அவர் பார்த்ததில்லை.

“சரிங்கய்யா. இப்ப நேராவே கேக்கறேன். இடம் கெடைச்சா வாராவாரம் வருவீங்களா மாட்டீங்களா?”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். “அதை இங்க வச்சுச் சொல்லக் கூடாதும்மா.”

“வேற எங்க வச்சுச் சொல்லுவீங்க?”

“கேட்டுக்கு வெளிய.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பஸ் ஹாரனுக்கும் டீக்கடைப் பாட்டுக்கும் நடுவில் அப்பாவின் குரல் கத்தியது.

“டீச்சரம்மா! வரோம்மா! கண்டிப்பா வரோம்! எல்லா வாரமும் வரோம்!”

“எங்கேர்ந்துங்கய்யா பேசறீங்க?”

“ரோட்டைத் தாண்டிட்டேம்மா. பயமில்லை.”

அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து வருகிற வாரம் பற்றிய எதுவானாலும் டீச்சர் என்னிடம் போனில்தான் கேட்பார். ஆனால் இடம் வரவில்லை. அப்பா திரும்பி வருவதற்குள் டீச்சர் சொன்னார்:

“வரோம்னு சொல்லிட்டார், சரி. நான் எங்க உட்காரவைப்பேன்? எனக்குத் தெரிஞ்சு மூணு நாலு மாசம் கழிச்சுத்தான் ஒரு இடம் காலியாகும்.”

“மூணு மாசம் கழிச்சு வார்த்தை வருமா மேடம்?”

“இப்ப வர்ற மாதிரி வராது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இப்ப உள்ள இருக்கறவரை நிறுத்தச் சொல்றீங்களா?”

பெஞ்சின் மறுகோடியில் அந்த அம்மாள் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தார். ரொம்பக் கவனமாகப் படித்தார்.

“இல்ல மேடம். அவரையும் நிறுத்தவேண்டாம், எங்களையும் நிறுத்தவேண்டாம்.”

“அது எப்படிங்க முடியும்?”

“எனக்குத் தெரியாது. இந்த வேலை தெரிஞ்சவங்க நீங்கதான். வழி இருக்கான்னு நீங்கதான் சொல்லணும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. யோசிச்சுச் சொல்லுங்க, நாங்க உட்காந்திருக்கோம்.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆபீசில் ஒரு தாள் குறைகிறது என்றால் நாங்கள் இப்படித்தான் கேட்போம். உட்கார்ந்தேன். அம்மா “அதான்” என்றாள்.

டீச்சர் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்று, “வீட்டுல எப்படி இருக்காங்க? ஏதாவது புதுசா சொல்றாங்களா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா வந்து சேர்ந்திருந்தார். பகலெல்லாம் கூட இருப்பவர் அவர். அதனால் “அப்பா, நீங்க சொல்லுங்க” என்றேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“புதுசு ஒன்னுமில்லைம்மா. அதே அதான்தான். ஆனா ஒவ்வொன்னுக்கும் ஒரு ராகம் இருக்கு. தண்ணி வேணும்னா கடைசியில இழுப்பா. பாத்ரூம் போகணும்னா சட்டுனு வெட்டுவா. சோத்துல உப்பு இல்லைன்னா மூக்கால வரும். அந்த மாமி வந்து பேசினா, அதுக்கு ஒன்னு தனியா இருக்கு. நான் துணியைச் சரியா காயப்போடலைன்னு வைங்க, அதே அதான்ல என்னை நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி ஏசுவா.”

“ஏசுவாங்களா?” டீச்சர் கதவை விட்டு நகர்ந்தார். “கோவம் அப்படியே வருதா?”

“வராம? பொண்டாட்டிம்மா.”

“அப்ப நான் படத்தைக் காட்டிக் காட்டிக் கேக்கறது பத்தாது. இவங்களுக்கு எதிர்ல பதில் சொல்ல ஆள் வேணும்.” பிறகு பெஞ்சின் கோடியில் இருந்த அம்மாளிடம் திரும்பி, “அம்மா, உங்க வீட்டுக்காரர் கூட இவங்களையும் சேத்து உட்காரவைக்கட்டுமா? ஒரே நேரத்துல ரெண்டு பேர். உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்” என்றார்.

அந்த அம்மாள் கை கழுவும் முறையை விட்டுவிட்டு எங்கள் அம்மாவைப் பார்த்தார். “இவங்களுக்கு என்ன வார்த்தை நிக்குது?”

“அதான்” என்றேன்.

“எது?”

“அதான்கிற வார்த்தைதாங்க.”

“குடுத்துவச்ச ஆளுங்க” என்றார் அவர். “எங்க வீட்டுல நிக்கறது ‘இல்ல’.”

அவருடைய வீட்டுக்காரர் காட்டூர்க்காரர், ரிட்டயரான பஸ் கண்டக்டர். “சர்வீஸ் பூரா சீட் இல்ல, சில்லறை இல்லன்னு சொன்ன வாய். அதனால அது மட்டும் போகாம ஒட்டிக்கிச்சு போல” என்று அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னார். பிறகு, “உட்காரட்டுங்க. எனக்கும் பேச்சுத் துணையாச்சு” என்றார்.

அடுத்த செவ்வாய் நான் லீவு போட்டேன். உள்ளே ஒரு சின்ன மேசை. ஒரு பக்கம் கண்டக்டர், எதிர்ப்பக்கம் அம்மா. சுவரோரம் அந்த அம்மாளும் அப்பாவும் நானும். அப்பாவை டீச்சர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். டீச்சர் மேசை நடுவில் ஒரு படத்தை வைத்தார். தட்டில் இரண்டு இட்லி.

“இது இட்லி. சரியா?”

“இல்ல” என்றார் கண்டக்டர்.

“அதான்” என்றாள் அம்மா.

“இல்ல, இல்ல.” அவர் கையை வீசினார். பஸ்ஸில் பின்பக்கம் இடமில்லை என்பது போல ஒரு வீச்சு.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் எதிரில் உட்கார்ந்து யாரும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. எல்லோரும் அவளிடம் கேட்டார்கள், அவள் ஒத்துக்கொண்டாள், எழுந்து போனார்கள். இந்த ஆள் ஒரு தட்டு இட்லியை இல்லை என்கிறார். அம்மா இடது கையால் படத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

“அதான்!”

“இல்ல.”

“அதான்!” அப்பா சொன்னாரே, நாலு தெருவுக்குக் கேட்பது, அது இதுதான் என்று தெரிந்துகொண்டேன்.

“இல்ல” என்றார் கண்டக்டர், கண்ணை மூடிக்கொண்டு.

அம்மாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. உதடு திறந்து மூடியது. மறுபடி திறந்தது. நான் எழப் போனேன். டீச்சர் திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டி என்னை உட்காரச் சொன்னார். சத்தம் முதலில் தொண்டையில் காற்றாக வந்தது. பிறகு பாதியாக வந்தது.

“ஏ…”

கண்டக்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“ஏன்?” என்றாள் அம்மா.

அப்பா என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது. பக்கத்தில் அந்த அம்மாள் முன்னால் குனிந்து, “நல்லாக் கேளுங்க” என்றார். “கழுத்துல தாலி ஏறினதுலேருந்து நானும் கேக்கணும்னு இருக்கேன். விடாதீங்க, கேளுங்க.”

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், இட்லியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார் போலிருந்தது.

“இல்ல” என்றார், இந்தத் தடவை மெதுவாக.

அம்மா படத்தை மேசையில் வைத்துவிட்டு அதன்மேல் விரலை ஊன்றிக்கொண்டாள். “ஏன்?” என்று மறுபடி கேட்டாள். வார்த்தை முழுதாக வந்தது. பதில் வரும்வரை அவள் விரலை எடுப்பதாக இல்லை.